யாரு முழிச்சிருக்கா?

இது கதை இல்லை. என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது. நம்பாதவர்கள் மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற ரோட்டில் இறங்கி, வடிவம்மாள் வீடு எது என்று கேளுங்கள். உள் ரூம் மேற்கூரையில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. காட்டுகிறேன். இரண்டு வருஷமாக அதில் நான் எதையும் தொங்கவிடவில்லை. ஒரு பூச்சரம்கூட.

எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல். "ஏட்டி, நடந்ததை மட்டும் சுருக்கமா எழுது" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனார். அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் சுருக்கமாகத்தான் எழுதுவார். என்னால் அது முடியாது. ஆனால் ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆனி மாசம். என் மகள் கோமதி தலைப்பிரசவத்துக்கு வந்து எங்களோடுதான் இருந்தாள். மருமகன் முத்துராஜ் மிலிட்டரி. ராஜஸ்தானில் இருந்தான். பிள்ளை பெண் பிள்ளை. ரிஜிஸ்டரில் தக்‌ஷிதா என்று பெயர். எனக்கு அது வாயில் நுழையவில்லை. சிட்டு என்று கூப்பிடுவேன்.

மூன்று மாசம் வரைக்கும் சிட்டு மாதிரிப் பிள்ளை உண்டா என்று தெருவே சொன்னது. பால் குடிப்பாள், தூங்குவாள். ராத்திரி ஒரே ஒரு தடவை எழுந்திருப்பாள். நாங்களும் மனுஷர்களைப் போலத் தூங்கினோம்.

நாலாம் மாசம் பிறந்தது. யாரோ சுவிட்சைத் திருப்பிப் போட்டது போல எல்லாம் மாறியது.

அரை மணிக்கு ஒரு தடவை விழிப்பு. கண்ணை மூடுவாள், சொக்குவாள், தொட்டிலில் விட்டதும் வீல்... என்று ஒரு அழுகை. பெருங்காயம் உரைத்துத் தொப்புளைச் சுற்றிப் போட்டேன். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். கோமதி போனில் ஏதோ இரைச்சல் சத்தம் வைத்தாள், ஃபேன் ஓடுவது போல. எனக்குத்தான் அதில் தூக்கம் வந்தது.

தென்காசியில் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். சிரித்தார். "நாலு மாசத்துல பிள்ளைங்க தூக்கம் மாறும்மா. பெரியவங்க தூக்கம் மாதிரி ஆகுது. இடையிடையே முழிப்பு வரும். ஒண்ணும் நோவு இல்ல. கொஞ்ச நாள்ல தானா சரியாயிரும்" என்றார்.

கொஞ்ச நாள்! அந்தக் கொஞ்ச நாளைத் தாண்டுவதற்குள் என் மகள் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

கண்ணைச் சுற்றிக் கறுப்பு. தலை சீவுவதில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். ஒரு நாள் விடியக்காலை நான் எழுந்து பார்க்கிறேன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே பால் கொடுத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். பிள்ளை மடியிலிருந்து நழுவி, பாதி உடம்பு வெளியே தொங்குகிறது. தலை கீழே. பாய்ந்து போய்ப் பிடித்தேன்.

கோமதி முழித்தாள். அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"ம்மா... எனக்கு இவளப் பிடிக்கவே இல்லம்மா. எங்கயாவது கொண்டு போயிரு."

நானும் மூன்று பெற்றவள்தான். தூக்கம் கெட்டால் தாய் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் எனக்கு. என் பிள்ளை தூங்க வேண்டும். அவள் தூங்க, இந்தச் சின்னப்பிள்ளை தூங்க வேண்டும். எப்படியாவது.

எப்படியாவது என்று கேட்கக்கூடாது போல.

இப்போது எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் எங்கள் பக்கம் மாடி உள்ள வீடெல்லாம் லாட்ஜ்தான். எங்கள் மாடியில் இரண்டு ரூம். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவோம். போகும்போது எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். துண்டு, எண்ணெய் பாட்டில், ஒற்றைச் செருப்பு. ஒரு தடவை ஒருவர் பல்செட்டையே விட்டுவிட்டுப் போனார். சீசன் முடிகிறவரை எடுத்து வைப்போம். யாரும் கேட்டு வரவில்லை என்றால் நாங்கள் புழங்குவோம். இந்த ரோட்டில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

அந்த வாரம் ஒரு அம்மாவும் மகனும் வந்து தங்கினார்கள். கோவில்பட்டிப் பக்கம். அந்த அம்மாவுக்கு என் வயசு இருக்கும். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. மகன் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் அருவிக்குப் போனார்கள். நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

மாடிப்படியில் ஏறும்போது சிட்டு அழுதாள். அந்த அம்மா நின்றுவிட்டார்.

"கைப்பிள்ளையா?"

"ஆமா. நாலு மாசம்."

"ராத்திரி தூங்க மாட்டேங்குதோ?"

"அத ஏன் கேக்கிய! எங்க உசிர வாங்குதா."

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"ராத்திரி யாரு முழிச்சிருக்கிறது?"

"யாரு முழிச்சிருப்பா? நானும் எம் மவளும் மாத்தி மாத்தித்தான்."

தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விட்டார். மறுநாள் விடியுமுன்னே இருவரும் கிளம்பிவிட்டார்கள். சாவி கதவிலேயே தொங்கியது. காபிகூடக் குடிக்கவில்லை.

மாடிக் கொடியில் ஒரு சேலை கிடந்தது. வெளிர் நீலம், அரக்குக் கரை. நூல் சேலை. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. ஈரமாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஈரத்துணியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மூன்று நாள் ஆனாலும் துணி காயாது. ஃபேனுக்குக் கீழே போடுவோம், அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்ப்போம். அப்படியும் ஒரு ஈரவாடை இருக்கும். அதனால்தான்... எல்லாமே எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்தது.

தொட்டில் கட்டியிருந்த சேலை அதற்கு முந்தின நாள்தான் கிழிந்திருந்தது. பழைய நூல் சேலை என்னிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பாத்திரக்காரனிடம் போட்டு இட்லிச்சட்டி வாங்கியிருந்தேன். வழுக்குகிற பாலியெஸ்டரில் பிள்ளையைப் போடவும் மனசில்லை.

வழக்கம் போல சீசன் முடியட்டும் என்று பொறுக்காமல், பக்கத்து வீட்டு மாஜிதாவிடம் இந்தச் சேலையைக் காட்டினேன். அவள் வீட்டிலும் சீசனுக்கு ரூம் விடுவார்கள்.

"நல்ல சேலையாத்தான இருக்கு. தொட்டில் கட்டுங்க வடிவக்கா. உங்க பேத்தி தூங்குனாத்தான் எங்க வீட்ல எல்லாரும் தூங்க முடியும்!" என்று சிரித்தாள்.

வெந்நீரில் போட்டு அலசி, அயர்ன் பண்ணி, உள் ரூம் கொக்கியில் மாட்டியிருந்த ஸ்பிரிங்கில் கோத்துக் கட்டினேன். சிட்டுவைப் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினேன்.

தூங்கிவிட்டாள்.

நான் தாலாட்டுப் பாடக்கூட வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி முழுக்க அவள் அழவில்லை. நான் ரூமுக்குள் தரையில் பாய் விரித்துப் படுப்பேன். கோமதி கட்டிலில். நடுவில் தொட்டில். வீட்டுக்காரர் வெளிக் கூடத்தில். காதுக்கு மெஷின் வைப்பவர், படுக்கும்போது கழற்றிவிடுவார். இடி விழுந்தாலும் தெரியாது.

நடுவில் எனக்கு அரைத் தூக்கத்தில் ஸ்பிரிங் சத்தம் கேட்டது. கிரீச்... கிரீச்... கோமதி எழுந்து ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "யாரு முழிச்சிருக்கா?" என்று அவள் கேட்டது போல இருந்தது. "ம்..." என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். காலையில் அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. முகத்தில் களை திரும்பியிருந்தது. தலை சீவிப் பூ வைத்தாள். முத்துராஜுக்கு வீடியோ கால் போட்டுச் சிரித்தாள்.

பாவம், ராத்திரி எழுந்து ஆட்டியும் இவ்வளவு தெளிவாக இருக்கிறாளே என்று எனக்குப் பெருமை.

அடுத்த ராத்திரியும் அப்படியே. அதற்கடுத்த ராத்திரியும்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள்... இப்போது யோசித்தால் தெரிகிறது.

தொட்டில் சேலை காலையில் ஈரமாக இருக்கும். பிள்ளை நனைத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் மூத்திர வாடை இல்லை. அடியில் மட்டுமல்ல, மேலே முடிச்சு வரைக்கும் ஈரம்.

சிட்டுவின் தலைமுடியும் ஈரம். வியர்வை என்றாள் கோமதி. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

பிறகு, பால். விடிந்ததும் பிள்ளை பசியில் பாய்ந்து குடிக்க வேண்டும் இல்லையா? முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டை மூடிக்கொண்டாள். வயிறு நிறைந்த பிள்ளை எப்படிச் செய்யுமோ, அப்படி.

"ம்மா, மாரு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. இவ குடிக்கவே மாட்டேங்கா" என்றாள் கோமதி.

தோளில் போட்டுத் தட்டினேன். ஏப்பம் விட்டுக் கொஞ்சம் கக்கினாள். துடைத்தேன். துணியில் வெள்ளை இல்லை.

பால் இல்லை. தண்ணீர். ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீர்.

குளிப்பாட்டும்போது குடித்திருப்பாளோ என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவளுக்குப் பிள்ளையின் கனம் தெரியும். சிட்டு கனம் குறைந்திருந்தாள். பகலிலும் தூங்க ஆரம்பித்திருந்தாள். எழுப்பினால் கண்ணைத் திறப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். எனக்குப் பின்னால் பார்ப்பாள்.

ஐந்தாம் நாள் காலை. சாரல் வலுத்திருந்தது. நான் தோசை ஊற்றுகிறேன், கோமதி அடுக்களைத் திண்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

"அஞ்சு நாளா நா கட்டய கெடத்துன மாதிரித் தூங்குதேன். எல்லாம் உன்னாலதாம்மா. ஆனா நீயும் தூங்கணும்லா? இன்னைக்கு ராத்திரி நா எந்திரிச்சு ஆட்டுதேன்" என்றாள்.

கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

"என்னட்டி சொல்லுத? நீதான டெய்லி எந்திரிச்சு ஆட்டுத?"

"நானா? நா எங்க எந்திரிச்சேன்? நீதான 'யாரு முழிச்சிருக்கா'ன்னு கேப்ப. நானும் ம்-னு சொல்லிட்டுத் தூங்கிருவேன்."

"நா கேக்கலட்டி."

"வெளாடாதம்மா."

"எனக்கும் அதேதான் கேட்டுச்சு. நீ கேக்கன்னுல்லா நா ம்-னு சொன்னேன்!"

தோசை தீய்ந்தது.

உள்ளே ரூமில்... கிரீச்... என்று ஒரே ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் அசையவில்லை.

"இந்தச் சேலய இப்பவே அவுத்துருவோம்" என்றேன்.

கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இது மட்டும் எனக்கு இன்றைக்கும் மறக்காது. படித்த பிள்ளை, பேங்க் பரீட்சை எழுதியவள், கண்ணில் தண்ணீரோடு கெஞ்சினாள்.

"வேண்டாம்மா. நம்ம ரெண்டு பேருல யாரோ தூக்கத்துல எந்திரிக்கோம். அவ்வளவுதான். இத அவுத்தா அவ மறுபடி ராவெல்லாம் அழுவா. என்னால முடியாதும்மா. சத்தியமா என்னால முடியாது."

என்ன செய்ய? பெற்ற மகள். வீட்டுக்காரரைத் தென்காசிக்கு அனுப்பினேன். கடையில் கால் வைத்து நிற்கிற புதுத் தொட்டில் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். அவர் வந்ததும் இதை அவிழ்த்துவிட வேண்டும், அதுவரைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வோம் என்று பேச்சு.

மதியம் இரண்டரை வரைக்கும் மடியில்தான் இருந்தாள். கனமில்லாமல், பஞ்சு போல. என் கால் மரத்துவிட்டது. தொட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கை தொட்டில் மேல்.

கோமதி குளிக்கப் போனாள்.

மணி மூன்று இருக்கும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. ஜன்னலுக்கு வெளியே சாரல் மட்டும் சோ... என்று.

எனக்கு எப்படிக் கண் சொக்கியது என்று தெரியவில்லை. சுவரில் சாய்ந்திருந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

"யாரு முழிச்சிருக்கா?"

காதுக்குப் பக்கத்தில். சின்னக் குரல். களைத்துப்போன குரல். அழுது அழுது தொண்டை கட்டிய மாதிரி.

"ம்..." என்றேன்.

கோமதிதான் என்று நினைத்து.

அப்போது... பாத்ரூமில் சத்தம் கேட்டது. கப்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம். சளக்... சளக்...

கோமதி இன்னும் குளித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆனால் கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.

கிரீ...ச். கிரீ...ச்.

ஆறு கிலோப் பிள்ளையை ஆட்டினால் ஸ்பிரிங் இப்படிக் கத்தாது.

கண்ணைத் திறந்தேன்.

தொட்டில் என் இடுப்பு உயரத்தில் தொங்கும். இப்போது அது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் கம்பி போல நீண்டிருந்தது. சேலையின் இரண்டு ஓரமும் மேலே ஒட்டிக்கொண்டு, உள்ளே எதுவும் தெரியவில்லை. அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

டொக்.

டொக்.

சேலை ஒரு பக்கம் புடைத்திருந்தது. வளைந்த முதுகு போல. இன்னொரு பக்கம் இரண்டு மேடு. மடக்கிய முழங்கால் போல.

ஒரு பெரிய ஆள் பிள்ளையை அணைத்துக்கொண்டு தொட்டிலுக்குள் முடங்கிப் படுத்திருந்தால் எப்படி இருக்கும்?

அப்படி இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

சப்... சப்... சப்...

பிள்ளை பால் குடிக்கிற சத்தம்.

கையை நீட்டினேன். சேலை ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பிரியவில்லை. உள்ளேயிருந்து யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். நான் இழுக்க இழுக்க, அந்த முதுகு இன்னும் வளைந்தது. பிள்ளையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது.

சப் சத்தம் நின்றது.

அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. அந்தச் சத்தம் நின்றது.

மறுபடி அதே குரல். இந்தத் தடவை தொட்டிலுக்குள்ளிருந்து.

"யாரு... முழிச்சிருக்கா?"

மந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது. சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. அந்தக் குரலில் இருந்த களைப்பு மட்டும் எனக்குத் தெரிந்த களைப்பு. ஒரு வாரத்துக்கு முன்னால் என் மகள் குரலில் கேட்டது. அதனால் அவளிடம் சொல்வது போலவே சொன்னேன்.

"நான் முழிச்சிருக்கேம்மா. நீ தூங்கு. பிள்ளய நான் பாத்துக்கிடுதேன்."

சொட்டுவது நின்றது.

ரொம்ப நேரம்... ஒன்றுமே இல்லை.

பிறகு ஒரு பெருமூச்சு. நீளமாக. என் முகத்தில் பட்டது. ஈரக் காற்று.

டங்ங்! ஸ்பிரிங் மேலே துள்ளியது. தொட்டில் வெறும் துணியாக விரிந்தது. சிட்டுவை வாரி எடுத்தேன். முழுக்க நனைந்திருந்தாள். உதடு நீலம். உலுக்கினேன், எழும்பவில்லை. உள்ளங்காலில் தட்டினேன். மறுபடி தட்டினேன். "சிட்டு! ஏட்டி சிட்டு!" என்று கத்தினேன்.

வீல்...!

அந்த அழுகை! எங்கள் உயிரை வாங்கிய அதே அழுகை. கோமதி தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். பிள்ளையைப் பிடுங்கி மார்போடு வைத்தாள். சிட்டு பாய்ந்து குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். கோமதியும் அழுதாள்.

வீட்டுக்காரர் புதுத் தொட்டிலோடு வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். "கனவு கண்டிருப்ப" என்றார். தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்தார். நீண்டுபோன ஸ்பிரிங்கைப் பார்த்தார். சேலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்ச் சிற்றாற்றில் விட்டுவிட்டு வந்தார். எரிக்கலாம் என்று முதலில் பார்த்தாராம். தீப்பிடிக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் சிட்டு ராத்திரியெல்லாம் அழுதாள். "அழுதாளா? அழட்டும், நல்லா அழட்டும்" என்று கோமதி அவளைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். வீட்டுக்காரர்கூட மெஷினைக் கழற்றாமல் படுத்தார், முறை வைத்துப் பிள்ளையை ஆட்டினார். பிறகு டாக்டரம்மா சொன்னது போலவே தூக்கம் தானாகச் சரியானது. கனமும் ஏறியது. தைப்பொங்கல் கழித்து முத்துராஜ் வந்து இரண்டு பேரையும் ராஜஸ்தானுக்குக் கூட்டிப்போனான்.

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன சீசன். ஆனி கடைசி. வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். எனக்கு அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. முகம் தெளிந்து, கன்னம் வைத்து, பத்து வயசு குறைந்தது போல இருந்தார்.

கண்ணில் சிவப்பு இல்லை.

"கோவில்பட்டில இருந்து வந்து தங்கியிருந்தோமே... ஞாபகம் இருக்கா?"

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே எட்டி, உள் ரூமின் கொக்கியைப் பார்த்தார்.

"பிள்ள நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா. அப்பன்கூட இருக்கா. ஒங்க சேல ஒண்ணு..."

"தெரியும். மறந்துட்டுப் போகல. அருவியில விடத்தான் கொண்டாந்தோம். தண்ணியில துணி விடக்கூடாதுன்னு அங்க நின்னவங்க திருப்பி அனுப்பிட்டாங்க."

அது அவருடைய மருமகளின் சேலையாம். பெற்றெடுத்த பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய சேலை. அந்தப் பிள்ளையும் நாலாம் மாசத்தில் தூக்கம் மாறி, ராவெல்லாம் அழுததாம். மருமகள் பல நாள் கண்ணே மூடவில்லையாம்.

"ஒரு ராத்திரி நாந்தான் சொன்னேன். 'நான் முழிச்சிருக்கேன், நீ தூங்கு, பிள்ளைய நான் பாத்துக்கிடுறேன்'னு. என்னைய நம்பித் தூங்குனா."

அந்த அம்மா மறுபடி கொக்கியைப் பார்த்தார்.

"நானும் தூங்கிட்டேன் தாயி. விடிஞ்சு பாத்தா, தொட்டில்ல பிள்ள..."

சொல்லி முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மருமகள் தூங்கவே இல்லையாம். வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். ஒரு நாள் கிணற்றில் கிடந்தாள். கேள்வி மட்டும் நிற்கவில்லை. தினமும் ராத்திரி மாமியார் காதில்.

"எங்க வீட்டுல எதுக்குப் போட்டிய?" என்றேன்.

அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"கீழ கைப்பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சு. பிள்ள இருக்கிற வீடுன்னா அங்கனயே நின்னுருவான்னுதான் போட்டேன்."

கடலைமிட்டாயை வாசல்படியில் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்த ஒரு வருசமா நான் நல்லாத் தூங்குறேன் தாயி. இப்ப உங்களத்தான் கேக்காளா?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டேன்.

அந்த மதியத்திலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் கேட்காமல் இருந்ததில்லை. ரெண்டே முக்கால் தாண்டியதும் கேட்பாள். "நான் முழிச்சிருக்கேம்மா" என்பேன். பெருமூச்சு விடுவாள். போய்விடுவாள். வயசானால் தூக்கம் குறையும் என்கிறார் டாக்டரம்மா. அவள் கேட்பதை வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

இந்தப் பங்குனியில் எனக்குக் காய்ச்சல். ஊசி போட்டார்கள். ஒரே ஒரு ராத்திரி அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டேன்.

காலையில் கோமதி போன் பண்ணினாள். ராஜஸ்தானிலிருந்து.

"ம்மா, சிட்டு எழும்பவே இல்ல. உலுக்கி உலுக்கி எழுப்புனேன். இப்ப நல்லா இருக்கா. ஆனா ஒண்ணும்மா... இங்கன மழை பெஞ்சு ஆறு மாசமாச்சு. அவ தலகாணி முழுக்க ஈரம்."

மணி ரெண்டு நாற்பது ஆகிவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கிற போனைக் கீழே வைக்கிறேன்.

நான் பதில் சொல்ல வேண்டும்.